ஒரு போல்ட்டில் இரண்டு சைக்கிள்

1. மண் உதிரும் சுவர்

சுபைதா உம்மா கந்தோருக்கு, அதாவது எங்கள் அலுவலகத்துக்கு வந்து, வாசலில் நின்று குரல் கொடுத்தபோது நான் ஒரு மலசலகூடத்தின் குறுக்குவெட்டை வரைந்துகொண்டிருந்தேன்.

"முதலாளி, அந்தச் செவரு சரியில்ல. புள்ளட மூஞ்சில மண்ணு விழுது."

எங்கள் முதலாளி மாத்தளை நகரில் கட்டட கொந்தராத்து எடுப்பவர். அலுவிகாரையில் அவருக்குச் சொந்தமாக ஒரு வரிசை வீடுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அடுப்படி, அவ்வளவுதான். ஐந்தாம் வீட்டில் உம்மாவும் அவருடைய மகனும் மருமகள் பரீதாவும் இருந்தார்கள். பரீதாவுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் இன்னும் முடியவில்லை.

"நேத்து அஸர் தொழுகைக்குப் பொறகு நானும் பாஸும் வந்து பாத்தோமே, ராத்தா. ஒரு வெடிப்புக் கோடு கூட இல்ல" என்றார் முதலாளி.

"நீங்க பாத்தது பக்கத்து வீட்டுச் செல்லையாட பக்கம். விழுறது எங்கட பக்கம்."

"உங்கட பக்கம் நாங்க எப்பிடி வர்ற?"

அது நியாயமான கேள்விதான். நாற்பது முடியும்வரை அந்த அறைக்குள் வெளி ஆண்கள் போக முடியாது. முதலாளியும் போக முடியாது. பெருமாள் பாஸும் போக முடியாது. கொத்தனாரை எங்கள் பக்கத்தில் மேசன் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

உம்மா என்னைக் கண்ணால் காட்டினார். "அப்ப இந்தப் புள்ளய அனுப்புங்க. இவ பொம்பளதானே?"

முதலாளி சிரித்துவிட்டார். "மகள், நீ படம் கீறத்தானே படிச்சீக்கி. செவரு பாக்கத் தெரியுமா?"

"தெரியும், முதலாளி" என்றேன். கண்டியில் படவரைவு படித்துவிட்டு வந்து, அவரிடம் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை ஒரு கட்டட வேலையிடத்துக்கும் என்னை அனுப்பியதில்லை. வெளி வேலை ஆண்களுக்கு, மேசை வேலை எனக்கு என்பது அங்கே எழுதாத ஏற்பாடு. முதல் தடவை போகும் இடம் குழந்தை படுத்திருக்கும் அறையாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. தூக்குக்குண்டையும் நூலையும் பையில் போட்டுக்கொண்டேன்.

2. சைக்கிள் ஏன் சுவரில் ஏறியது

இதை வாசிக்கும் தங்கைகளுக்கு அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. டயர் இல்லை, டியூப் இல்லை. ஒரு சைக்கிள் களவு போனால் இன்னொன்று வாங்குவது கனவு. வாசலில் விட முடியாது, அறைக்குள் நிறுத்தினால் பாய் விரிக்க இடமில்லை. குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டதால் முதலாளி என்னிடம், "சைக்கிள செவத்துல தொங்கவுட ஒரு படம் போட்டுத் தா, மகள்" என்றார்.

நான் போட்ட படத்தில் இவை இருந்தன:

அ. ஒன்பது அங்குல வெளிச்சுவரில் மட்டும் பூட்ட வேண்டும்.
ஆ. பலாப் பலகை ஒன்று படுக்கையாக, அதற்குக் கீழே தரைவரை இரண்டு கால்கள். பாரம் தரைக்குப் போக வேண்டும். சுவர் அதைச் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும்.
இ. பழைய லொறி ஸ்பிரிங் பட்டையில் அடித்த இரண்டு கொக்கி. பெயின்ட் உரியாமல் அவற்றின் மேல் கிழிந்த டியூப் சுற்ற வேண்டும்.
ஈ. ஒரு பலகைக்கு இரண்டு போல்ட்.

"எல்லா வீட்டுக்கும் பூட்டியாச்சு" என்று பிறகு முதலாளி சொன்னார். நானும் படத்தைச் சுருட்டி அலுமாரியில் வைத்துவிட்டேன்.

3. நூல் நகர்ந்தது

பெருமாள் பாஸை வெளியே வாங்குப் பலகையில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். கதவிலும் ஜன்னலிலும் துணி தொங்கியது. சாம்பிராணிப் புகை. கண் பழகியதும் முதலில் தெரிந்தது கட்டிலுக்கு மேலே தொங்கிய சைக்கிள்.

அது பரீதாவின் கணவனுடையது. அவர் வெங்காயம் ஏற்ற லொறியில் தம்புள்ளைக்குப் போயிருந்தார், சில நாட்களாகவே சைக்கிள் கொக்கியில்தான் இருந்தது. பலகைக்குக் கால்கள் இல்லை. அது பூட்டியிருந்தது வெளிச்சுவரிலும் இல்லை. நான்காம் வீட்டுக்கும் ஐந்தாம் வீட்டுக்கும் நடுவில், கூரையைத் தொடாமல் ஏழடியில் நின்றுவிடும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் பூட்டியிருந்தார்கள்.

வெளியே எட்டிப் பார்த்து, "பாஸ், படத்துல கால் இருந்துச்சே?" என்று கேட்டேன்.

"இந்த ரெண்டு வீட்டுலயும் வெளிச்செவரு முழுக்கக் கதவும் ஜன்னலும்தானே, மிஸ். கால் வச்சா கட்டில் போட ஏலாது. போல்ட்டும் எங்க கெடைக்குது? அதான் ஒரே போல்ட்ட அந்தப் பக்கமும் வுட்டு, அங்கிட்டு ஒரு பலகை, இங்கிட்டு ஒரு பலகை அடிச்சேன். முதலாளி நல்ல யோசனைன்னாரு."

அந்தக் காலத்தில் அப்படித்தான். நான்கு போல்ட் தேவைப்பட்ட இடத்தில் இரண்டு போல்ட் போதுமென்றால் அது கெட்டித்தனம். சுவரின் அந்தப் பக்கத்தில் அதே போல்ட்டில் செல்லையாவின் சைக்கிள் தொங்கும். செல்லையா ஒரு பேக்கரியில் பாண் ரொட்டி எடுத்து வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பவர். சைக்கிளுக்குப் பின்னால் மரப்பெட்டி. பெட்டியோடுதான் தொங்கவிடுவார்.

பரீதா கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். குழந்தை அவள் முழங்கைக்குள் உறங்கியது. கொசுவலையின் மேல் செம்மண் பொடி.

நாற்காலியில் ஏறி, சுவரின் உச்சியில் நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டேன். பலகைக்குக் கீழே சுவர் நேராக இருந்தது. பலகைக்கு மேலே நான்கைந்து வரிசைக் கற்கள் கட்டிலின் பக்கம் சாய்ந்திருந்தன. நூலுக்கும் பலகைக்கு அருகிலுள்ள சுவருக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகும். உச்சிக் கல்லை விரலால் தொட்டேன். அசைந்தது.

குரல் மாறிவிடக் கூடாது என்பதற்காக அறையிலிருந்து யாரை எடுக்க வேண்டும் என்பதை மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். ஒன்று, குழந்தை. இரண்டு, தாய். மூன்றாவது வரவேயில்லை.

அப்போது மறுபக்கத்தில் பூட்டுத் திறக்கும் ஓசை. செல்லையா காலைச் சுற்று முடிந்து வந்திருந்தார். ஏதோ பாட்டை முணுமுணுப்பது தடுப்புக்கு மேலாகத் தெளிவாகக் கேட்டது. "ஹா" என்று சைக்கிளைத் தூக்கினார். கொக்கியில் இரும்பு உட்கார்ந்த சத்தம். கொசுவலையில் பொலபொலவென்று மண் விழுந்தது.

என் கண்ணெதிரே நூல் சுவரோடு ஒட்டிக்கொண்டது. சுண்டுவிரல் இடைவெளி இல்லாமல் போனது.

முந்திய நாள் முதலாளியும் பாஸும் வந்து பார்த்தபோது செல்லையா இன்னும் பின்னேரச் சுற்றுக்குக் கிளம்பவில்லை, இரண்டு பக்கமும் சைக்கிள் தொங்கியிருக்கிறது. தராசில் இரண்டு தட்டும் சரியாக நின்றிருக்கின்றன. சுவர் நல்ல பிள்ளையாகத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு விடியலிலும் செல்லையா தன் சைக்கிளை எடுக்க, சுவர் பரீதாவின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மண்சாந்து இன்னும் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது.

செல்லையா பின்னேரச் சுற்றுக்காக மறுபடியும் அதை எடுப்பார்.

"செல்லையா அண்ணே! சைக்கிளத் தொடாதீங்க!"

முணுமுணுப்பு நின்றது. "யாரு, உம்மாவா?"

"இல்ல, கந்தோர் மிஸ்."

"ஏன் மிஸ், என்னோட சைக்கிள்தானே?"

"உங்க சைக்கிள்தான். இப்ப அதுதான் செவத்தப் புடிச்சிக்கிட்டிருக்கு."

அவர் இரண்டடி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் கைய எடுத்துட்டேங்க" என்றார்.

4. அடுப்படி

உம்மாவிடம் சொன்னேன். பரீதாவையும் பிள்ளையையும் உடனே இந்த அறையிலிருந்து எடுக்க வேண்டும், பிறகுதான் சைக்கிளை இறக்கலாம்.

"எங்க எடுக்கிற? நாப்பது முடியாம வாசல் தாண்ட ஏலாது. காத்துப் பட்டா யாரு பாக்கிற, நீயா?"

"வாசல் தாண்ட வேணாம், உம்மா. அடுப்படிக்கு."

"அந்தப் பொகைக்குள்ளயா? பச்சப் புள்ளயையா?"

"அடுப்ப அணைச்சிடுவோம்."

"சோறு கொதிச்சிட்டு ஈக்குது!" உம்மாவின் குரல் உயர்ந்தது. "நேத்து ரெண்டு ஆம்பளைங்க வந்து ஒன்டுமில்லன்டு சொன்னாங்க. இன்டைக்கு நீ நூலப் புடிச்சிக்கிட்டு வந்து விழும்ங்கிறாய். யாரட பேச்சக் கேக்கிற?"

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. காற்றுப் பட்டு, காய்ச்சல் கண்டு இறந்துபோன தாய்மாரை அவர் பார்த்திருப்பார். சுவர் விழுந்து இறந்தவரை அவர் பார்த்ததில்லை. அவருடைய பயம் அவருக்குத் தெரிந்த பக்கம் நின்றது. நூல் நகர்ந்ததை நான் எவ்வளவு விளக்கினாலும் அது அவருக்கு என் கைநடுக்கமாகத்தான் தெரியும்.

அப்போதுதான் பரீதா பேசினாள். நான் வந்ததிலிருந்து அவள் வாய் திறந்தது அதுதான் முதல்முறை.

"மாமி, நான் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா? செவரு விழுந்தா முதல்ல என்ட கையில விழட்டும்டு புள்ளட தலைக்கு மேல கைய வெச்சிக்கிட்டுத்தான் படுக்கிறேன்."

உம்மா அவளையே பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போனார். நெருப்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. புகை அடங்கும்வரை பின்கதவைத் திறந்து வைத்து, பிறகு சாத்தி, இடுக்குகளில் சாக்கை அடைத்தார். வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். நான் பரீதாவைத் தாங்கிப் பிடித்து நடத்தினேன். கட்டிலிலிருந்து அடுப்படி சில அடிகள்தான், எனக்கு அது தீராத தூரமாக இருந்தது.

பிறகு சைக்கிள்கள். ஒரு பக்கத்தை மட்டும் இறக்கினால் மறுபக்கம் இழுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கொக்கியை விட்டு எழும்ப வேண்டும். அந்தப் பக்கம் பாஸும் செல்லையாவும், இந்தப் பக்கம் நானும் உம்மாவும். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. தடுப்புக்கு மேலே இருந்த வெளி குரலுக்கு மட்டும் வழிவிட்டது.

"மூணுன்னதும் தூக்கணும். இழுக்காதீங்க, நேரா மேல."

"மிஸ், எனக்கு மூணுவரைக்கும் எண்ணத் தெரியும்" என்றார் செல்லையா.

"வாய மூடிக்கிட்டுத் தூக்கு" என்றார் பாஸ்.

தூக்கினோம். என்னைவிட உம்மாவின் கைகள்தான் உறுதியாக இருந்தன. உச்சியில் ஆணியில் கட்டிவிட்டிருந்த நூல் அசையவில்லை. சைக்கிளைத் தரையில் வைத்தோம்.

தளர்ந்த வரிசைகளை அப்படியே விட முடியாது. அந்தப் பக்கத்தில் ஏணி வைத்து பாஸ் ஒவ்வொரு கல்லாக எடுக்கத் தொடங்கினார். எங்களை அடுப்படி வாசலில் நிற்கச் சொன்னார். முதல் கல் கையோடு வந்தது, சுத்தியல் தேவைப்படவில்லை. "உள்ள வெறும் மண்ணு, மிஸ்" என்றார் மெல்ல. இரண்டாவதைத் தொட்டார்.

மூன்று கற்கள் இந்தப் பக்கம் சரிந்தன. கொசுவலையைக் கிழித்துக்கொண்டு கட்டிலில் விழுந்தன. ஒன்று தலையணையில்.

"மிஸ்! யாருக்கும் பட்டுச்சா?" பாஸ் ஏணியிலிருந்து கத்தினார்.

"இல்ல, பாஸ். யாருமில்ல."

உம்மா போய்த் தலையணையிலிருந்த கல்லை இரண்டு கைகளாலும் எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தடுப்பைப் பார்த்துக் கத்தினார். "முதலாளிக்குச் சொல்லுங்க! இனி இந்த வீட்டுக்குள்ள சைக்கிள் ஒன்டும் வரப்படாது. களவு போனாப் போகட்டும்!"

"உம்மா, என்னோடதயுமா?" என்றது மறுபக்கம்.

"ஒன்ட பெட்டியத்தான் முதல்ல!"

5. பின்னர்

பின்னேரம் முதலாளி வந்தார். இடிந்த உச்சியைச் செல்லையாவின் பக்கமாக நின்று நெடுநேரம் பார்த்தார். மறுநாளே மற்ற வீடுகள் எல்லாவற்றுக்கும் என்னைப் போகச் சொன்னார். இன்னும் ஒரு ஜோடி வீட்டில் அதே மாதிரி ஒரே போல்ட் இருந்தது. அதையும் இறக்கினோம். வரிசையின் கடைசி வீட்டை ஒட்டிய வெளிச்சுவரில், கால் வைத்த பலகைகளோடு, பூட்டுப் போடும் ஒரு சார்ப்புக் கொட்டகை கட்டினோம். எல்லாச் சைக்கிள்களும் அங்கே ஏறின. அதற்குப் பிறகு வேலையிடத்துக்குப் போவது என் வேலையாகவும் ஆனது.

இதிலிருந்து நான் கற்றதைத் தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான்: படத்தில் பாரம் ஏறும்போது என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கிறோம். பாரம் இறங்கும்போது என்ன ஆகும் என்றும் பாருங்கள். சுவரைப் பார்க்கப் போனால் உங்களுக்கு வசதியான நேரத்தில் போகாதீர்கள், அந்த வீட்டார் அதைப் பயன்படுத்தும் நேரத்தில் போங்கள்.

இன்னொன்றும் உண்டு. அன்று கிளம்பும் முன் அடுப்படியில் பரீதாவிடம் விடைபெற்றேன். சைக்கிள்களால் சுவர் எப்படி ஆடியது என்று அவளுக்கு விளக்கத் தொடங்கினேன்.

"தெரியும்" என்றாள். "செல்லையாண்ணன் போனா மண்ணு விழும். அவர் வந்து மாட்டினா ஒருக்கா கொட்டிட்டு நிக்கும். அவர்ட பெட்டிச் சத்தம் கேக்கும்வரைக்கும் அல்லாட்ட துஆ கேட்டுக்கிட்டுக் கெடப்பேன்."

"ஏன் யாரிட்டயும் சொல்லல?"

அவள் குழந்தையின் நெற்றியிலிருந்த மண்ணை விரல் நுனியால் துடைத்தாள்.

"வந்தவங்க எல்லாரும் செவத்தத்தானே பாத்தாங்க. என்னிட்ட யாரும் கேக்கல்லியே."