தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

போன வாரம் வரை எங்கள் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. விருந்தாளிகள் உள்ளே போனால் வெளியே வரும்வரை பாடித்தான் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு முன்பு தாழ்ப்பாள் இருந்தது. பெரியப்பா உள்ளே தாழிட்டுக்கொண்டு சாகப் பார்த்த அன்று கதவோடு சேர்த்து உடைத்தோம். பிறகு புதுக் கதவு வந்தது, தாழ்ப்பாள் வரவில்லை.

பெரியப்பா பஸ் டிரைவர். தண்ணித் தொட்டி நிறுத்தத்தில் ஒரு குழந்தை சக்கரத்துக்கு முன்னால் ஓடி வந்துவிட்டது. அவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். அது அவர் காதில் ஏறவே இல்லை. முதலில் வேலையை விட்டார், அப்புறம் பேச்சை, அப்புறம் சாப்பாட்டை.

"தனியா விடாதீங்க" என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் அதை ஜெயில் உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பீரோவுக்குள் போயின. அவர் ஒரு டம்ளரைக் கழுவ எழுந்தாலும் "நீங்க உக்காருங்க" என்று நாலு பேர் பாய்வோம். டிவியில் ரோடு வந்தால் சேனலை மாற்றுவோம். முறை வைத்துக் காவல் காத்தோமே தவிர, அவரோடு உட்கார்ந்து பேசியவர் ஒருவரும் இல்லை.

குளிக்கும்போது ஒரு சட்டம் இருந்தது: உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டே இருக்க வேண்டும். "ம்... ம்..." என்பார். எருமைகூட இன்னும் ராகமாகச் சொல்லும்.

அப்போதுதான் கண்டக்டர் வந்தார். பெரியப்பாவோடு அதே ரூட்டில் தலை நரைத்தவர். முதலில் தொப்பை வரும், பின்னாலேயே ஆள் வருவார். ஸ்டூலை இழுத்துக் குளியலறை வாசலில் போட்டார்.

"என்னய்யா டிரைவர், உள்ள மாடு கட்டிருக்கியா? ரூட்டைச் சொல்லு, நான் டிக்கெட் போடணும்."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. பெரியம்மா அவர் வாயைப் பொத்தாத குறைதான்.

ரொம்ப நேரம் கழித்து, "டிப்போ" என்று கேட்டது. அப்புறம் "மார்க்கெட்". அப்புறம் "கோர்ட்டு".

"கோர்ட்டுல யாரும் இறங்கல, எல்லாம் நல்லவங்க. போலாம் ரைட்!"

அடுத்தது தண்ணித் தொட்டி. சத்தமே இல்லை. பெரியம்மா கதவைத் தள்ளப் போனாள்.

"விடும்மா" என்றார் கண்டக்டர். "நிக்கட்டும். அவசரம் இல்ல."

நின்றது. பிறகு உடைந்த குரலில், "ஆஸ்பத்திரி".

அதற்குப் பிறகு தினமும் பஸ் ஓடியது. தினமும் அந்த ஒரு நிறுத்தத்தில் பெயர் சொல்லாமல் நின்றது.

"டிப்போல பஸ் கழுவ ஆள் பத்தல" என்றார் கண்டக்டர் ஒருநாள். "நீயே குளிச்சிக்கிட்டு இருந்தா போதுமா? அதுங்களையும் குளிப்பாட்டு."

"அங்க இவரை யாரு பாத்துப்பாங்க?" என்றாள் பெரியம்மா.

"யாரும் பாத்துக்க மாட்டாங்கம்மா. வேலை வாங்குவாங்க."

அவர் போனார். மந்திரம் ஒன்றும் நடந்துவிடவில்லை. போர்வைக்குள்ளிருந்து வராத காலைகள் நிறைய. அன்றெல்லாம் கண்டக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மேலதிகாரியைத் திட்டிவிட்டுப் போவார். டிப்போவில் ஆரம்பத்தில் பெரியப்பா உட்கார்ந்த பெஞ்சில்கூட யாரும் உட்காரவில்லையாம். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் தானாக வாயைத் திறந்தார்.

"மெக்கானிக் என்னைக் கண்ணு தெரியலையான்னு கேட்டுட்டான். கண்ணாடில கறையை விட்டுட்டேனாம்."

மெடல் வாங்கியவர்போலச் சொன்னார். இவ்வளவு காலத்தில் அவரைத் திட்டும் அளவுக்கு மதித்தவன் அந்த மெக்கானிக் ஒருவன்தான்.

அன்று அவர் ஓட்டிய அந்தப் பஸ்ஸையும் அவர்தான் கழுவுகிறார். முன்சக்கரத்துக்கு நேரம் பிடிக்கும். யாரும் அவசரப்படுத்துவதில்லை.

போன வாரம் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தார். "ஊரே கேக்கக் குளிச்சு அலுத்துப்போச்சு" என்றார். "ஆனா நீ சொன்னாத்தான் மாட்டுவேன்."

பெரியம்மா தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் வரை அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பீரோவைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினாள்.

மறுநாள் கண்டக்டருக்குக் காலை டூட்டி. ஸ்டூல் காலியாக இருந்தது. உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது. டிப்போ. மார்க்கெட். கோர்ட்டு. அப்புறம் ஒன்றுமில்லை. வழக்கத்தைவிட நீளமாக, ஒன்றுமே இல்லை.

பெரியம்மாவின் கை கதவு வரை போனது. நான் இடித்துத் திறக்கத் தோளைக் கொடுத்துவிட்டேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நிக்கட்டுங்க" என்றாள், கதவைப் பார்த்து. "அவசரம் இல்ல."

"தண்ணித் தொட்டி" என்றார் பெரியப்பா உள்ளேயிருந்து. அப்புறம் அழ ஆரம்பித்தார்.

நாங்கள் கதவைத் தட்டவில்லை. குரல் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதானே சட்டம்.