பிலோமினாவின் அலமாரிச் சாவி

எட்டாம் வகுப்புத் தோழிகளுக்கு,

செவ்வாய்க்கிழமை பிரேயர் முடிந்ததும் ஹெட்மாஸ்டர் சொன்னார்: படகு ஜெட்டிப் பக்கத்து பிலோமினா காய்ச்சலில் இறந்துவிட்டாள். நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கியபின் விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நூலக அலமாரிச் சாவி அவள் பொறுப்பில் இருந்தது உங்களுக்குத் தெரியும். அந்த அலமாரியில் ஆங்கிலோ-சாக்சன் மக்களைப் பற்றிய படப் புத்தகம் ஒன்று உண்டு. கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்து, காட்டை வெட்டி, மரவீடு கட்டிக் கூரை வேய்ந்தவர்கள். "இந்தத் தீவுக்குக் குடிவந்த நம்மள மாதிரியே செட்லர்ங்கதான்டி, ரேஷன் கார்டுதான் இல்ல" என்றாள் பிலோமினா. ஒரு படத்தில் கல்லறைக்குள் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. கழுத்தருகே பாசிமணிகள், இடுப்பருகே சாவி. வீட்டை ஆண்டவள் என்பதற்கு அது அடையாளமாம். "செத்தும் சாவிய விடல பாரு, கெட்டிக்காரி!" என்றாள்.

மறுநாளிலிருந்து அவளும் சாவியைச் சிவப்புக் கயிற்றில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டாள்.

"என்ன, ஸ்கூலுக்கே எஜமானியா நீ?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

"அலமாரிக்கு மட்டும், சார்."

காய்ச்சல் கண்ட அன்று அதை அவிழ்த்து என்னிடம் கொடுத்தாள். "திங்கக்கிழமை வாங்கிக்கிறேன் ரஹ்மத். தொலைச்சே, கொன்னுடுவேன்."

எங்கள் மார்க்கத்தில் இறந்தவரோடு வெள்ளைத் துணியைத் தவிர எதுவும் போகாது. அடக்கத்துக்குப் போனபோது அவள் சவப்பெட்டியில் பூ இருந்தது, விரல்களில் ஜெபமாலை இருந்தது. அப்படியென்றால் இதையும் வைக்கலாம் என்று நினைத்தேன். சிவப்பு தெரிந்துவிடும் என்று கயிற்றை உருவிக்கொண்டு, சாவியை மட்டும் அவள் இடுப்போரம் பூவுக்கடியில் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றபின் அந்த ஆங்கிலோ-சாக்சன் மக்கள் கல்லறையில் பொருள் வைப்பதை மெல்ல விட்டுவிட்டார்கள் என்று அதே புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது. வீடு வந்தபிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

பள்ளியைப் பூட்டித் திறப்பவர் என்பதால், இன்று ஹெட்மாஸ்டர் நாம் தாதா என்று கூப்பிடும் வயதான பியூனை நிற்கவைத்து அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டதை நீங்களும் பார்த்தீர்கள். "மைனே நஹீ லியா, சாப்" என்று, தான் எடுக்கவில்லை என்று, அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நாளைக்குள் சாவி வராவிட்டால் அவருக்கு வேலை போய்விடும். நான் இரண்டாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சொன்னால் கல்லறையைத் தோண்டுவார்களோ, வாப்பா என் படிப்பை நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கயிறுதான். நாளை பிரேயருக்கு அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வருவேன். வெறும் கயிற்றைப் பார்த்தால் ஹெட்மாஸ்டர் கேட்பார். கேட்டால் சொல்லிவிடுவேன்.