அக்கா வீட்டுப் பூமரம்

கிளை கழிக்கும் வேலைதான் அவருக்குத் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் ஆட்களை நலம் விசாரிப்பதற்கு முன்பே, முற்றத்து மரத்தில் கிளை பிரியும் இடத்துக்குக் கண் போய்விடும். "மனுஷன் முகத்தையா பாக்கிறான்? கவட்டையைத்தான் பாக்கிறான்" என்று அக்கா புருஷன் ஒருநாள் கேலி பண்ணப்போக, கவட்டை என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அந்த மச்சான் ஆசையாக நட்டு வளர்த்த பூமரம் அக்கா வீட்டு முற்றத்தில் நின்றது. இடுப்பு உயரத்திலேயே இரண்டு தண்டாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று சளைக்காமல் மாடிவரை வளர்ந்திருந்தது. பார்க்க அத்தனை அழகு. கவட்டையார் மெல்லிய கத்தியை எடுத்து, தண்டு பிரியும் இடத்தில் இருந்த கோட்டில் செருகினார். பிடிவரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது கறுப்பாக ஈரம் ஒட்டியிருந்தது.

"அக்கா, ரெண்டும் சேரவே இல்ல. நடுவுல பட்டைதான் மடிஞ்சு கிடக்கு, எப்ப வேணும்னாலும் பிளந்துடும். வீட்டுப் பக்கத்துத் தண்டை எடுத்துடணும்."

"பாதி மரத்தை எடுத்துட்டா அப்புறம் என்னடா மிஞ்சும்? உங்க மச்சான் உடைஞ்சு போயிடுவாரு. இந்தத் தடவை பூத்து முடியட்டும்."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் ஏணியை மடக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். ஆனால் அம்மா போன பிறகு, ஒன்பது வயதிலிருந்து அவருக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அக்கா. மேலே நாலு சிறு கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்தார். இரண்டு தண்டையும் சேர்த்து இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டினார். "அடியில நாற்காலி போட்டு உக்காராதீங்க மச்சான்" என்றார். கம்பி தன் மனச்சமாதானத்துக்குத்தான் என்பது அவருக்கே தெரியும்.

மரம் அந்தத் தடவையும் பூத்தது. இரண்டு நாள் மழையில் பூவெல்லாம் நனைந்து கனத்திருந்தது. மூன்றாம் நாள் வெயில் வந்ததும் மச்சான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். காற்றுகூட இல்லை. மரம் பிளந்து, வீட்டுப் பக்கத்துத் தண்டு அவர்மேல் சாய்ந்தது.

போன் வந்தபோது கவட்டையார் வேறொரு தெருவில் மரத்தின்மேல் இருந்தார். ஓடி வந்து பார்த்தால், ஏழெட்டுப் பேர் சேர்ந்தும் தண்டை அசைக்க முடியவில்லை. இயந்திர ரம்பத்தை முடுக்கினார். உயிர் இல்லை என்று தெரிந்தும், உடம்பில் பட்டுவிடக் கூடாதே என்று அங்குலம் அங்குலமாக அறுத்தார்.

பத்து நாள் கழித்து அக்கா வாயைத் திறந்தாள்.

"ஊர்ல ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்க மாட்டியே. என் பேச்சைக் கேட்டு ஏன்டா விட்டே?"

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மிச்சத் தண்டு ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து நின்றது. அதுவும் என்றைக்காவது விழும். இந்தத் தடவை அவர் யாரையும் கேட்கவில்லை. கயிறு கட்டி, மேலிருந்து துண்டு துண்டாக இறக்கி, தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

இப்போதும் வாரம் தவறாமல் போகிறார். முன்பெல்லாம் வாசலில் தலை தெரிந்ததுமே "சாப்டியாடா?" என்பாள். இப்போது ஒன்றும் கேட்பதில்லை. தட்டை மட்டும் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.