மூன்று விரல் உப்பு

நடேசன் மாமா உப்பை ஸ்பூனில் எடுப்பதில்லை. மூன்று விரல்களைக் குவித்து அள்ளுவார். உடனே போடவும் மாட்டார். கிண்ணத்துக்கு மேலே கையைக் கொஞ்சம் நிறுத்தி, பிறகு விரல்களை உரசி உரசி உதிர்ப்பார். கரும்புக்கு உரம் தூவிய கை அது. சமையலுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

ஒதியம்பட்டில் எங்களுக்கு எதிர்வீடு அவர். பிள்ளைகள் இல்லை. அவர் மனைவி ருக்குமணி அத்தைக்கு வயிற்றில் கட்டி என்று மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு, சோற்றைக் கண்டாலே குமட்டியது. எடை இன்னும் குறைந்தால் அடுத்த ஊசி போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயறும் காயும் அவித்து சாலட் மாதிரி கொடுத்துப் பாருங்கள் என்றார் நர்ஸ்.

மாமா அதைப் பிடித்துக்கொண்டார். காராமணியோ பச்சைப்பயறோ, வீட்டில் இருப்பதை ஊறவைத்துக் குழைய வேகவைப்பார். கேரட், பீட்ரூட், சுரைக்காய் என்று மதகடிப்பட்டுச் சந்தையில் அன்றைக்குக் கிடைத்தது அதில் சேரும். அத்தைக்கு வாயில் புண் என்றால் தயிர், ஆறியிருந்தால் எலுமிச்சை.

"அங்க இன்னா முதுகக் காட்டிக்கினு கெளர்ற? இப்படி வா" என்பார் அத்தை, கட்டிலில் படுத்தபடி. மாமா கிண்ணத்தோடு எதிரே வந்து உட்காருவார்.

ஒரு வாய் வாங்கியதும், "உப்பு கம்மி."

"இப்பதான்டி போட்டேன்."

"முப்பது வருஷமா தட்டத் தள்ளி உட்டு நீ சொன்னல்ல? இப்ப என் முறை. போடுய்யா."

போடுவார்.

"ஆங், போதும். கைய எடு."

சில நாள் பத்து வாய் இறங்கும். அன்றைக்கு மாமா தெருவில் நின்று எனக்குச் சொல்லுவார். தான் மட்டும் ருசி பார்க்கவே மாட்டார். "அவ நாக்கு இருக்கச்ச என் நாக்கு எதுக்குடா?" மிச்சத்தை நான் தின்றிருக்கிறேன். உப்பு அப்படிச் சரியாக இருக்கும்.

நாலாவது ஊசிக்கு எடை போதவில்லை. ஆவணியில் அத்தை போய்விட்டார்.

கருமாதிப் படையலுக்குப் பெண்கள் வடையும் பாயசமும் செய்தார்கள். சாலட்டை நான்தான் செய்வேன் என்றார் மாமா. படையலுக்குச் சமைப்பதை முன்னாடி யாரும் வாயில் வைக்கக் கூடாது. அவருக்கென்ன, எப்போதும் வைக்காதவர்தானே என்று நினைத்தேன். கட்டில் கிடந்த இடத்துக்கு எதிரே உட்கார்ந்து கலந்தார். உப்பை அள்ளினார். கை கிண்ணத்துக்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. போட்டார். மறுபடி அள்ளினார்.

"கம்மின்னுதான் சொல்லுவா" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை. இன்னும் ஒரு தடவை போட்டார்.

படைத்தபின் எல்லோர் இலையிலும் அது விழுந்தது. ஒரே கரிப்பு. தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினோம். மாமாவும் ஒரு வாய் வைத்தார். வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து, வில்லியனூர் பஸ்ஸில் மஞ்சுளா அக்காவைப் பார்த்தேன். அத்தையின் தங்கை, ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவர். அந்த உப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. ரெண்டாவது ஊசியிலேயே அத்தைக்கு நாக்கு செத்துப்போச்சு என்றார். உப்பு, புளிப்பு எதுவும் தெரியாதாம்.

"அப்புறம் எப்படி அவ்வளவு கரெக்டா சொன்னாங்க?"

"மாமா விரல்ல எவ்ளோ இருக்குன்னு அக்கா பாத்துக்கினே இருக்கும்பா. பாத்துதான் சொல்லும்."