தட்டினால் விடவேணும்

எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற மனிசன் என்று என் கணவரைச் சொல்வார்கள். வீட்டுக்குள் வந்த குளவியைக்கூடக் கிளாசால் மூடி, கீழே ஒரு மட்டையைச் செருகி, பல்கனியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். அப்படிப்பட்டவர் சனிக்கிழமைகளில் சோபாவின் நுனியில் இருந்துகொண்டு, கம்பிக் கூண்டுக்குள் இரண்டு தடியன்கள் கட்டிப் புரண்டு அடிபடுவதைப் பார்ப்பார். அடிபாட்டுக்குப் பயந்து ஓடிவந்த சனம் கனடாவில் காசு கட்டி அடிபாடு பார்க்குது என்று நான் சாடை சொல்வேன். சிரித்துவிட்டுத் திரும்பவும் டிவியைப் பார்ப்பார். எனக்கு எரிச்சல் வரும்.

எல்லாச் சண்டையையும் அவர் பார்ப்பதில்லை. ஹெவிவெயிட் சாம்பியன் ஒருவன் இருக்கிறான், அவனுடையதை மட்டும்தான். வருடக்கணக்காக அவனை யாரும் அசைக்கவில்லை. அவன் குத்தி விழுத்துகிறவனும் அல்ல. ஆளைக் கீழே சாய்த்து, கழுத்தையோ கையையோ மடக்கிப் பிடித்து இறுக்குவான். அகப்பட்டவன் தாங்கமுடியாமல் நிலத்தில் படபடவென்று தட்டுவான். முதல்முறை அதைப் பார்த்தபோது, தோற்றவன் ஏன் கைதட்டிப் பாராட்டுகிறான் என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"அது கைதட்டுறது இல்லை. போதும் எண்டு அர்த்தம்," என்றார். "தட்டினால் விடவேணும். அதுதான் சட்டம்."

உவனில் அப்படி என்ன கண்டுவிட்டீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலும் விசித்திரமாகத்தான் இருந்தது. அவன் கெட்டிக்காரன் என்றோ பலசாலி என்றோ சொல்லவில்லை. தட்டின உடனே விடுகிறவன் என்றார். இதுவும் ஒரு பெருமையா என்று நான் சிரித்தேன்.

அவரை இளவயதில் ஊரில் செக்பொயின்ற் ஒன்றில் ஆமிக்காரர் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோய், மாதக்கணக்கில் முகாமில் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கலியாணம் பேச வந்தபோது என் அப்பா பக்குவமாக விசாரித்தார். "பிடிச்சவங்கள், பிறகு விட்டிட்டாங்கள்," என்றார் இவர். எங்கள் சனத்தில் பிடிபட்டு வந்த எல்லாரும் சொல்கிற வசனம் அது. கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். அப்பாவும் போய்விட்டார். பிறகு நானும் கேட்கவில்லை.

அவருக்கு மிசிசாகாவில் விமானநிலையச் சரக்குப் பகுதியில் இரவு வேலை. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மெண்ட் ஜன்னலுக்குத் தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டுப் பகலில் படுப்பார். நித்திரையில் அவருடைய வலது கை மெத்தையைத் தட்டும். மகன் குழந்தையாக எங்கள் நடுவில் கிடந்த காலத்தில் அவர்தான் அவனைத் தட்டித் தட்டி நித்திரையாக்குவார். மகன் வளர்ந்து, படித்து, விட்பியில் வீடும் வாங்கிப் போய்விட்டான், இந்தக் கை மட்டும் இன்னும் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருக்குது என்று பிறந்தநாள் வீடுகளில் நான் சொல்லாத ஆளில்லை. எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

போன வருடம் அந்தச் சாம்பியனோடு மோத ஒருவன் வந்தான். அதுவரை ஒரு சண்டையிலும் தோற்காதவன். போட்டி வளைகுடா நாடு ஒன்றில் நடந்ததால் எங்களுக்கு அது பின்னேரம். மகன் விட்பியிலிருந்து வந்திருந்தான். நான் முணுமுணுத்துக்கொண்டே ரோல்ஸ் பொரித்து வைத்தேன்.

"அப்பா, உங்கட ஆள் இஸ் டன். இவன் அன்டிஃபீட்டட், தெரியுமோ?" என்று மகன் சீண்டினான். பொறுத்திருந்து பார் என்று தகப்பன் சொன்னார்.

முதல் இரண்டு சுற்றும் மகன் சொன்னபடிதான் போனது. புதியவன் குத்திய குத்தில் சாம்பியனின் புருவம் கிழிந்து கண்ணெல்லாம் இரத்தம். நான் குசினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்றாம் சுற்றில் மகன் கத்தியதைக் கேட்டுத்தான் திரும்பினேன். சாம்பியன் அவனைக் கால் வாரிச் சாய்த்து, பின்னாலிருந்து கழுத்தைக் கையால் சுற்றிப் பிடித்திருந்தான்.

அவன் தட்டவில்லை. தோற்றே பழக்கமில்லாதவனுக்குத் தட்ட மனம் வருமா? முகம் கருநீலமாகிக்கொண்டு வந்தது. என் கணவர் சோபாவிலிருந்து இறங்கிக் கார்ப்பெற்றில் முழங்காலில் நின்றார். "தட்டு ராசா, தட்டு," என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தக் கை மேலெழுந்து, சாம்பியனின் புயத்தில் மூன்று தரம் கெதியாகத் தட்டியது.

சாம்பியன் விடவில்லை. கவனிக்கவில்லையோ, பட்ட குத்துகளின் கோபமோ தெரியாது. நடுவர் மேலே விழுந்து அவனுடைய கையை இழுத்துப் பிரித்தார். எல்லாம் இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் என் கணவர், "விடு," என்றார். கத்தவில்லை. கெஞ்சுகிற குரல். இத்தனை வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"ஹீ இஸ் ஓகே, அப்பா. பாருங்கோ, எழும்பிட்டான்," என்றான் மகன். சாம்பியன் இடுப்பில் பட்டியைக் கட்டிக்கொண்டு கையை உயர்த்தினான்.

"உவனும் விடேல்லை," என்றார் அவர். டிவியை நிறுத்தினார். வேலைக்குப் போகமுதல் கொஞ்சம் படுக்கப்போறன் என்று அறைக்குள் போய்விட்டார். அப்பாவுக்கு என்ன என்று மகன் கண்ணால் கேட்டான். களைப்பாக இருக்கும் என்று சொல்லி, மிஞ்சிய ரோல்ஸைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

ஜன்னல் போர்வை விலகியிருந்தது, சரிசெய்யப் போனேன். நித்திரையில் அவருடைய கை மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று தரம் கெதியாக, பிறகு ஓய்வு. திரும்பவும் மூன்று தரம். பிள்ளையைத் தட்டுகிறவர்கள் அப்படித் தட்டமாட்டார்கள். மெதுவாக, ஒரே சீராகத் தட்டுவார்கள். நானும் ஒரு பிள்ளையை வளர்த்தவள்தானே. இந்தத் தட்டலைச் சற்றுமுன் டிவியில் பார்த்திருந்தேன்.

அப்போதுதான் மற்றது நினைவுக்கு வந்தது. கலியாணம் கட்டிய புதிதில், நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற் அறையிலும் இந்தக் கை தட்டியது. அப்போது எங்களுக்குப் பிள்ளையே இல்லை.

கட்டில் நுனியில் இருந்துகொண்டு, என் கையை அவருடைய கைக்குக் கீழே வைத்தேன்.

"விட்டிட்டாங்களப்பா," என்றேன். "எப்பவோ விட்டிட்டாங்கள்."

கை நிற்கவில்லை. என் உள்ளங்கையில் மூன்று தரம் தட்டியது, பிறகும் தட்டியது.