மோட்டார் கொட்டகை வேப்பமரம்

வசந்தம் வருவதை மோப்பம் பிடிப்பதில் எங்கள் வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், வேறு யாரும் சொல்லவில்லை. பிரம்மதேசத்து வீட்டிலிருந்து மரக்காணத்தில் இருக்கும் எங்கள் உப்பளத்துக்கு வண்டியில் போகும்போதே மாமரம் பூத்துவிட்டதா, விடிகாலைப் பனி குறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே போவேன். எல்லாவற்றுக்கும் மேல் உப்பளத்து மோட்டார் கொட்டகையை ஒட்டி நிற்கும் எங்கள் வேப்பமரம். அது இலை உதிர்த்துவிட்டால் இனி மழை இல்லை என்பது நான் போட்ட சட்டம்.

போன வருஷம் தை முடியும் முன்பே அது மொட்டையாகிவிட்டது. ஊரில் மற்ற வேம்பெல்லாம் பச்சைப்பசேல் என்று நின்றன. அவற்றுக்கு விவரம் போதாது என்று முடிவு செய்தேன்.

பாத்திகளில் முதல் உப்பு விளைந்திருந்தது. எங்களிடம் வேலை செய்யும் அக்கா ஒரு மாதம் சேற்றை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கிய பாத்திகள் அவை. திங்கட்கிழமை ஒரு கை உப்பை அள்ளிப் பார்த்தார்.

"இன்னிக்கே வாரிடலாங்க. வானம் சரியில்ல."

"வெள்ளிக்கிழமை கற்பூரம் ஏத்திட்டு வாரலாம்க்கா. அதுக்குள்ள கல்லு பெருசாவும். மரத்தப் பாத்தீங்கள்ல?"

முதல் உப்புக்குக் கற்பூரம் காட்டிப் படைத்துவிட்டு வாருவது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமைதான் என்பது என் பிடிவாதம். வீட்டில் மனைவி போனை நீட்டினாள்.

"புதன்கிழமை மழைன்னு காட்டுதுங்க."

"போனுக்கு வேர் இருக்குதா? மரத்துக்கு இருக்குது" என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடித்துப்போய், மறுநாள் டீக்கடையிலும் ஒருமுறை சொன்னேன்.

புதன்கிழமை காலையில் பிடித்த மழை சாயங்காலம் வரை விடவில்லை. போய்ப் பார்த்தால் பாத்தியில் ஒரு கல் உப்பு இல்லை. மிதித்த தரையும் இளகிக் கிடந்தது. அக்கா வரப்பில் நின்றிருந்தார்.

"மறுபடியும் மிதிக்கணும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு வெட்கமாக இருந்தது.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொட்டகைப் பக்கம் ஒதுங்கினேன். மோட்டார் குழாயில் ஒரு வெடிப்பு. மார்கழியில் நானே சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டு மறந்துபோனது. கிணற்றிலிருந்து ஏறும் உப்புத் தண்ணீர் அதன் வழியாக நேரே வேப்பமரத்தின் வேருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மரம் சாகக் கிடந்ததைத்தான் நான் வசந்தம் என்று ஊரெல்லாம் அறிவித்திருக்கிறேன்.

குழாயை மாற்றினேன். அக்காவோடு நானும் சேற்றில் இறங்கி மிதித்தேன். மூன்றாம் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் ஒரு மாதம் மிதித்தது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது.

பங்குனி பிறந்தபோது பாத்திகளில் மறுபடி உப்பு கண்டது. மழை வேரைக் கழுவிவிட்டதோ என்னவோ, மொட்டை மரத்திலும் செந்தளிர் விட்டிருந்தது. அக்கா மரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"துளுத்துடுச்சுங்க. இப்ப வாரலாமா, வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கணுமா?"

அன்று செவ்வாய்க்கிழமை. உப்பு வாரும் பலகையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, கற்பூரம் கொண்டு வரச் சொல்லி வீட்டுக்குப் போன் போட்டேன்.