ஒரே ஒரு கட்டை

அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்த புதிதில் எனக்கிருந்த ஒரே வேலை, சாப்பாட்டு மேசையில் பியானோ வாசிப்பது. மேசைதான், பியானோ கிடையாது. சென்னையில் கான்வென்ட் பியானோவில் கிரேடு கிரேடாகப் பரீட்சை தேறியவள், இங்கே வேலைக்குப் போகக் கூடாத மனைவி விசாவில் உட்கார்ந்திருந்தேன். கணவர் ரயிலுக்குக் கிளம்பியதும் மேசை விளிம்பில் விரல்களை ஓடவிடுவேன். சத்தமே இல்லாத வாசிப்பில் தப்பும் வராது, அதுதான் எரிச்சல். மாலையிலும் கை சும்மா இருக்காது. டிவி பார்க்க விடாமல் தட்டுகிறேன் என்று அவர் அலுத்துக்கொள்வார்.

நூலக அறிவிப்புப் பலகையில் ஒரு நாள் அந்தச் சீட்டைப் பார்த்தேன். பக்கத்து ஊர் சர்ச் ஹாலில் சின்ன ஆபரா ஒன்று போடுகிறார்கள், பியானோக்காரருக்கு இசைத்தாளின் பக்கம் திருப்ப ஆள் வேண்டும் என்றிருந்தது. எங்கள் அப்பாக்கள் காலத்து இசை நாடகம். அரங்கேறிய கையோடு மறந்துபோனதை இப்போது தூசி தட்டி எடுத்திருந்தார்கள். கதையில் ஒருவன் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறான். செத்துப்போன முதல் மனைவி ஜன்னலுக்கு வெளியே நின்று பாடுகிறாள். உள்ளே வரவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது. அந்த அம்மாளை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

கணவரிடம் சொன்னதும் முதல் கேள்வி, காசு கொடுக்கிறார்களா என்பதுதான்.

"குடுத்தாலும் வாங்கிடாத. கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கு. பேரு கீரு எதுலயும் பிரிண்ட் பண்ண வேணாம்னு சொல்லிடு."

எங்கள் அபார்ட்மென்டில் அப்போது எல்லோருமே அரை வக்கீல்கள். விசா போன கதை ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, எனக்கும் பயம்தான். நிகழ்ச்சித் தாளில் என் பெயர் வேண்டாம் என்றதும், இயக்குநர் அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பெயரை அடித்துவிட்டார்.

கறுப்பு உடையில் பியானோக்காரரின் இடப்பக்கம் உட்கார வேண்டும். எழுந்து, தாளைத் திருப்பி, மறுபடி உட்கார வேண்டும். யார் கண்ணிலும் படக் கூடாது. பியானோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஆனால் தொடக் கூடாது. பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போட மறந்தது போல இருந்தது.

கடைசிக் காட்சியில் ஒரு சிக்கல் வந்தது. பியானோக்காரரின் இரண்டு கைகளும் பக்கத்திலிருந்த செலஸ்டாவில் இருக்கும். மணி மாதிரி ஒலிக்கும் சின்னப் பெட்டி அது. அதே நேரத்தில் பியானோவின் இடக்கோடி அடிக்கட்டை ஒன்று ஒலிக்க வேண்டும். ஆவி முதல்முறையாகக் கதவைத் தட்டும் சத்தம். ஒத்திகையில் அவருக்கு எட்டவே இல்லை. நீங்களே அழுத்திவிடுங்களேன் என்றார் என்னிடம்.

ஒரே ஒரு கட்டைக்காக ஒரு வாரம் சாதகம் செய்தவள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். கணவரிடம் மூச்சுவிடவில்லை. அது வேலையில் சேருமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அவரும் வந்திருந்தார். என் இடம் வந்தது, அழுத்தினேன். அந்தக் கருமரப் பியானோ முழுக்க அதிர்ந்தது, அதிர்வு என் முழங்கை வரை ஏறியது. ஒலி அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை. இன்னொன்று, இன்னும் ஒன்றே ஒன்று என்று கை கெஞ்சியது. கண் நிறைந்துவிட்டது. அடுத்த தாளை எப்படியோ திருப்பினேன்.

வெளியே காரில் உட்கார்ந்து அவர் நிகழ்ச்சித் தாளை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் பேரு எங்க? காணோமே."

"வேணாம்னு நீங்கதான சொன்னீங்க."

மறந்தேபோயிருந்தார். சாவியைப் போட்டவர் திருகாமல் என் பக்கம் திரும்பினார்.

"கடைசில அந்தப் பேய் கதவத் தட்டுச்சே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. அது யாரு வாசிச்சது?"

"நான்."

வீட்டுக்கு வந்ததும் அவர் வழக்கம்போல டிவியைப் போட்டார். நான் காபி கலந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். விரல்கள் பழக்கத்தில் மேசை விளிம்புக்குப் போயின. அவர் எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு, எதிரே வந்து உட்கார்ந்து என் கையையே பார்த்தார். நான் வாசித்தேன். மேசையில் என்ன கேட்கும்? பாதியில் நிறுத்தினேன். எனக்கு ஒரு நிஜப் பியானோ வேண்டும் என்று அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன்.